செடியே அசைவமா?

சமய வகுப்பில் சைவ உணவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பின் வரிசையிலிருந்து ஒரு குரல் கட்டாயம் வரும். "செடியே பூச்சியைப் பிடிச்சுத் தின்னுது, நமக்கு மட்டும் என்னண்ணே?" கேட்பவர் கிண்டலுக்குத்தான் கேட்கிறார். ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி. பதில் சொல்லணும்னா அந்தச் செடியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கணும்.

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் வளர்ந்த பலர் இதைப் பார்த்திருப்பீர்கள். செம்பனைக் காடு முடிந்து புதர் தொடங்கும் ஓரம், மண் வெட்டிய மேட்டுச் சரிவு, தண்ணீர் தேங்கும் பள்ளம், இங்கெல்லாம் கொடி போலப் படர்ந்திருக்கும். இலை நுனியில் சின்னக் குடுவைகள் தொங்கும். மலாய்க்காரர்கள் 'பெரியோக் கெரா' என்பார்கள், அதாவது குரங்குப் பானை. அறிவியல் பெயர் நெப்பந்தஸ்.

அந்தக் குடுவையைப் பூ என்று நினைப்பவர்கள் அதிகம். பூ தனியாக, கதிர் போல நீண்டு வரும். குடுவை இலையின் ஒரு பாகம். இலையின் நடு நரம்பு நுனியோடு நிற்காமல் நூல் போல வெளியே நீள்கிறது. அந்த நூலின் முனை வீங்கி, உள்ளே குழிந்து, குடுவையாகிறது. பிஞ்சில் மூடி ஒட்டியிருக்கும், முதிர்ந்ததும் ஒரு தடவை திறக்கும், அதோடு சரி. பூச்சி விழுந்ததும் 'டப்'பென்று மூடிக்கொள்ளும் என்பதெல்லாம் கார்ட்டூன் கதை. மழை கொட்டி உள்ளே இருக்கும் சாறு நீர்த்துப் போகாமல் காப்பதுதான் மூடியின் வழக்கமான வேலை.

அசையாத செடி எப்படிப் பிடிக்குது? பொறியியல் படிக்கிறவனுக்கு இதுதான் ருசியான இடம். குடுவையின் வாய் விளிம்பில் மிக நுண்ணிய வரிப் பள்ளங்கள் இருக்கின்றன. அங்கே தேனும் சுரக்கிறது. மழையோ பனியோ பட்டால் தண்ணீர் அந்த வரிகளில் மெல்லிய படலமாகப் பரவி நின்றுவிடும். எறும்பின் கால் விளிம்பில் பிடிப்பதற்குப் பதிலாகத் தண்ணீர்மேல் மிதக்கும். மழை ரோட்டில் மோட்டார் டயர் வழுக்குமே, அதே கணக்கு. விளிம்பு காய்ந்திருக்கும் நேரத்தில் எறும்பு பத்திரமாகத் தேன் குடித்துவிட்டுப் போய், தன் கூட்டத்தையே அழைத்து வரும். அப்புறம் விளிம்பு நனைந்தால் மொத்தமாக விழுந்துவிடும்! உள்ளே இருக்கும் சாற்றில் மூழ்கிச் செரிக்கப்படும். 2011-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த விளிம்பைப் பார்த்துத்தான் எண்ணெயோ தண்ணீரோ ஒட்டாத வழுக்குப் பரப்பு ஒன்றைச் செய்தார்கள்.

நம் தாழ்நிலங்களில் சாதாரணமாகக் காணப்படும் நெப்பந்தஸ் கிராசிலிஸ் இன்னும் கெட்டிக்காரச் செடி. மூடியின் அடியில் தேன் வைத்திருக்கும். மழைத்துளி மேலே விழும்போது மூடி அதிரும், அடியில் ஒண்டியிருக்கும் எறும்பு உதிர்ந்து குடுவைக்குள் விழும்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். இந்தச் செடியின் இலை பச்சைதானே? மற்றச் செடிகளைப் போலவே சூரிய ஒளியில்தான் தன் உணவைச் செய்துகொள்கிறது. பூச்சியிடமிருந்து அதற்கு வேண்டியது முக்கியமாக நைட்ரஜனும் பாஸ்பரஸும். செம்பனைக்கு மூட்டை மூட்டையாக உரம் போடுறோம், இந்த மேட்டுக் களிமண்ணுக்கு யார் போடுவா? ஆக, பூச்சி அதற்குச் சாப்பாடு இல்லை, உரம். சத்தான மண்ணில் வைத்து உரமும் போட்டால் இலை செழிக்கும், குடுவை குறைந்துவிடும். இன்னொரு வகை, நெப்பந்தஸ் ஆம்புல்லாரியா. தரையோடு குந்திய பானைகள், மூடி பின்பக்கம் மடங்கியிருக்கும். மேலிருந்து விழும் சருகைப் பிடித்து, தனக்கு வேண்டிய நைட்ரஜனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அதிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. பாதி சைவம் என்று வைத்துக்கொள்ளலாம்!

தொல்காப்பியர் புல்லையும் மரத்தையும் ஓரறிவில் வைத்தார், மனிதனை ஆறறிவில் வைத்தார். ஆறறிவு உள்ளவன் தன் தட்டுக்கு ஓரறிவைச் சாட்சி கூப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சைவமோ அசைவமோ, காரணத்தை நாமே சொல்லணும்.

களைக்கொல்லி அடிக்கும் ஓரங்களிலும், வீடமைப்புக்காக மேடு வெட்டும் இடங்களிலும் இந்தச் செடி நிற்பதில்லை. குடுவைக்குள் புளூட் அரிசி அடைத்து அவித்து விற்பதும் உண்டு, அதற்குக் கொத்துக் கொத்தாகப் பறிக்கிறார்கள். இந்தியாவில் உள்ள ஒரே இனம் மேகாலயாவின் நெப்பந்தஸ் காசியானா. காட்டிலிருந்து எடுத்து வெளிநாட்டுக்கு விற்பதை அனைத்துலக ஒப்பந்தமே தடுத்திருக்கிறது. நம்ம ஊர்ச் செடியையும் பிடுங்காமல், நிற்கிற இடத்திலேயே பாருங்கள். டார்ச் லைட் எடுத்துப் போய் குடுவைக்குள் அடிச்சுப் பாருங்க. எறும்பு கரையும் அதே சாற்றில் சில வகைக் கொசுப் புழுக்கள் ஜோராக நீந்திக்கொண்டிருக்கும்.