வெற்றிடமும் பூச்சியமும்



ஐந்து மாணவியரின் மதிப்பெண் பட்டியல் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நால்வர் பெற்றவை 80, 70, 90, 60. ஐந்தாமவள் காய்ச்சலால் தேர்வுக்கு வரவில்லை. அவள் கட்டத்தில் 0 என்று எழுதலாமா? எழுதாவிடில் சராசரி 75, எழுதினால் 60. பிழை சிறிது, விளைவு பெரிது.

நாம் விவரம் தராத இடத்தில் கணிப்பொறி மொழி தானாகவே வைத்துக்கொள்ளும் மதிப்புக்கு 'இயல்பு மதிப்பு' என்று பெயர். 'கோ' என்னும் மொழியில் எண்ணின் இயல்பு மதிப்பு 0. வசதிதான்; ஆயினும் வராதவளும் 0 வாங்கியவளும் ஒன்றாகிவிடுவர்.

வேறொரு வழியும் இருந்தது. 1965-ல் ஆல்கால் டபிள்யூ மொழியை அமைத்தபோது, இங்கிலாந்து அறிஞர் டோனி ஹோர், எதையும் சுட்டாத 'வெற்றுச் சுட்டு' ஒன்றைச் சேர்த்தார். வெறுமையா என்று சோதிக்க மறந்த நிரல்கள் பாதியில் நின்றன. 2009-ல் அவரே அதைத் தமது நூறு கோடி டாலர் தவறு என்று ஒப்புக்கொண்டார்.

இக்குறையைத் தீர்க்க வல்லவை 'இயற்கணிதத் தரவு வகைகள்'. 1980-ல் எடின்பரோ பல்கலைக்கழக அறிஞர்கள் வெளியிட்ட 'ஹோப்' மொழியில் இவை இடம்பெற்றன. பெயர்க் காரணம் எளிது. 'இதுவும் அதுவும்' என்றால் பெருக்கல்: 5 வகுப்பும் 3 பிரிவும் சேர்ந்தால் 15 வகை. 'இது அல்லது அது' என்றால் கூட்டல்: 0 முதல் 100 வரை 101 மதிப்பெண்கள், அவற்றுடன் 'வரவில்லை' என்னும் 1; ஆக 102.

இவற்றுக்கு இயல்பு மதிப்பு எது? பெருக்கல் வகையில் ஒவ்வோர் உறுப்பின் இயல்பு மதிப்பையும் சேர்த்தால் போதும். கூட்டல் வகையிலோ எந்தக் கிளையைத் தேர்வது என்று இயந்திரம் அறியாது. ஆகவே 'ரஸ்ட்' மொழி அதைத் தானாக ஊகிப்பதில்லை. 2022-ல் வந்த 1.62 பதிப்பு முதல், எழுதுபவரே ஒரு கிளைக்கு இயல்பு என்று குறியிட்டு விடலாம். அதே மொழியில் 'உண்டு அல்லது இல்லை' என்னும் வகைக்கு இயல்பு மதிப்பு 'இல்லை' என்பதே. அவ்வகையை நேரடியாக வெறும் எண்ணாகவே பயன்படுத்தும் நிரலை அம்மொழி ஏற்பதுமில்லை.

தோழியரே, தெரியாத இடத்தை ஏதேனும் ஓர் எண்ணால் நிரப்புவது எளிது. 'இல்லை' என்று உள்ளபடி எழுதுவதே நேர்மை. வராத அந்த ஐந்தாமவளுக்கு நாம் செய்யும் நீதியும் அதுவே.