குழுவும் அதன் ஊரும்

விளையாட்டு உடலுக்கு உரந் தருவது. உள்ளத்துக்கு ஒழுங்கு தருவது. இதனை மாணவர் அனைவரும் அறிவர். ஆயின், இக்காலத்தில் விளையாட்டு ஒரு பெருந்தொழிலாகவும் வளர்ந்துவிட்டது. உதைபந்தாட்டத்தையும் றக்பியையும் ஊதியம் பெற்று ஆடும் வீரரும், அவர்களைக் கொண்டு தொடர்ப்போட்டி நடத்தும் லீக் அமைப்புக்களும் பல நாடுகளில் உள. அவ்வமைப்புக்கள் யாவும் ஒரே வினாவுக்கு விடை தேடுகின்றன. புதிய இரசிகரை ஈட்டுவது எங்ஙனம்? பெயர்பெற்ற வீரரைப் பெரும்பொருள் கொடுத்து அழைத்தாற் போதுமா? விளம்பரஞ் செய்தாற் போதுமா? இவ்வினாவுக்கு யப்பான் நாட்டின் அனுபவம் தெளிவானதொரு விடை தருகின்றது. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஆராயுமுன் இலக்கணச் செய்தி ஒன்றை நினைவுகூர்தல் நலம். ஆறாம் வேற்றுமைக்குரிய கிழமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாகப் பகுப்பர். 'சாத்தனது கை' என்னுமிடத்துக் கை சாத்தனினின்றும் வேறாகாதது. ஆதலின் அது தற்கிழமை. 'சாத்தனது பசு' என்னுமிடத்துப் பசு விற்கவும் கொடுக்கவும் படுவது. ஆதலின் அது பிறிதின்கிழமை. 'ஊரது குழு' என்னுந் தொடரிலுள்ள கிழமை இவ்விரண்டனுள் எது? ஒரு லீக்கின் வளர்ச்சியும் தேய்வும் இவ்வினாவின் விடையிலேயே தங்கியிருக்கின்றன.

யப்பானில் 1965ஆம் ஆண்டில் எட்டுக் குழுக்களுடன் தேசிய உதைபந்தாட்ட லீக் தொடங்கிற்று. அவை கம்பனிகளின் குழுக்கள். வீரர் அக்கம்பனிகளின் ஊழியர். 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக் விளையாட்டில் யப்பான் வெண்கலப் பதக்கம் பெற்றது. அதனால் எழுந்த ஆர்வம் நெடுநாள் நிலைக்கவில்லை. காரணம் வெளிப்படை. ஒரு கம்பனியின் குழு வென்றால் அக்கம்பனியின் ஊழியர் மகிழ்வர். அடுத்த தெருவில் வாழ்பவனுக்கு அதனால் ஆவதென்ன?

இக்குறையை உணர்ந்தோர் 1993ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் பத்துக் குழுக்களுடன் ஜே. லீக் என்னுந் தொழில்முறைத் தொடரைத் தொடங்கினர். அதன் முதல் தலைவரான சபுரோ கவபுச்சி முன்பு கம்பனிக் குழு ஒன்றில் ஆடியவர். குழுவின் பெயரிற் கம்பனியின் பெயர் வரலாகாது. ஊரின் பெயரே வரல்வேண்டும். ஒவ்வொரு குழுவும் ஓரிடத்தைச் சொந்த ஊராகக் கொண்டு, சிறுவரையும் பயிற்றி வளர்த்தல்வேண்டும் என விதிக்கப்பட்டது.

இவ்விதியின் பயனைக் காஷிமா என்னுஞ் சிறு தொழிற்பட்டினத்திற் காணலாம். அங்கிருந்த உலோகக் கம்பனியின் குழு இரண்டாம் பிரிவில் ஆடியது. 1991ஆம் ஆண்டிற் பிறேசில் நாட்டின் புகழ்பெற்ற வீரர் ஸீக்கோ அதில் வந்து சேர்ந்தார். 15,000 பேர் இருந்து பார்க்கத்தக்க அரங்கு ஒன்று எழுந்தது. காஷிமா என்னும் பெயரில் மானைக் குறிக்குஞ் சொல் இருத்தலின், மான்கொம்புகள் எனப் பொருள்படும் 'அன்ட்லேர்ஸ்' என்னும் பெயரைக் குழு ஏற்றது. 1996ஆம் ஆண்டில் அச்சிறு பட்டினத்தின் குழு, பெருநகர்க் குழுக்களை வென்று லீக்கின் முதலிடத்தைப் பெற்றது.

ஆயினும், நாடெங்கும் எழுந்த தொடக்க ஆரவாரம் விரைவில் அடங்கிற்று. 1994ஆம் ஆண்டில் ஓராட்டத்துக்குச் சராசரியாக 19,598 பேர் வந்தனர்; 1997இல் அத்தொகை 10,131 ஆகக் குறைந்தது. புதுமை காண வந்தோர் புதுமை தீர்ந்ததும் அகன்றனர். பொருளாதாரத் தளர்ச்சியாற் கம்பனிகளுங் கைசுருக்கின. 1998 ஒற்றோபரில், யொக்கோஹாமா நகரத்துப் பிளூகெல்ஸ் குழு, அதே நகரத்து மறினோஸ் குழுவுடன் இணைக்கப்படும் என்னும் அறிவித்தல் இடிபோல் வந்தது. பணம் இட்ட கம்பனிகளுள் ஒன்று விலகியமையே காரணம். இரசிகர் கையொப்பந் திரட்டினர், பயனில்லை. 1999 சனவரி 1ஆம் நாள், பேரரசர் கிண்ணத்துக்கான இறுதியாட்டத்தில் அக்குழு 2-1 என வெற்றி பெற்றது. அதுவே அதன் கடைசி ஆட்டமுமாயிற்று.

பெயரளவில் ஊரினதாக இருந்த குழு, உரிமையளவிற் பிறரதாக இருந்தமை அப்பொழுதே விளங்கிற்று. ஆனால், அதன் இரசிகர் பலர் இணைந்த குழுவைப் பின்பற்றினாரல்லர். அவ்வாண்டிலேயே தாமே பொருள் சேர்த்து யொக்கோஹாமா எப்.சி. என்னும் புதுக்கழகத்தை நிறுவினர். கீழ்நிலைத் தொடரில் ஆடத் தொடங்கிய அக்கழகம் 2007ஆம் ஆண்டில் முதற்பிரிவில் இடம்பெற்றது. பார்க்க வந்தோர் உரியோராக மாறினர் என்க.

லீக் அமைப்பும் சிற்றூர்களை நாடி விரிந்தது. 1999இல் இரண்டாம் பிரிவும் 2014இல் மூன்றாம் பிரிவும் அமைந்தன. பத்தாக இருந்த குழுக்கள் 2024ஆம் ஆண்டில் 60 ஆயின. முதற்பிரிவு ஆட்டங்களுக்கு வந்தோர் சராசரி 2019இல் 20,751 ஆக உயர்ந்தது. தொடக்ககால ஆரவாரம் மூன்றாண்டில் இழந்ததை, ஊர்ப்பற்று இருபதாண்டுக்கு மேல் உழைத்து மீட்டது.

றக்பி ஆட்டத்திலும் இவ்வுண்மையே புலப்படும். வடகிழக்குக் கரையிலுள்ள கமாயிஷி, மீன்பிடியும் உருக்காலையுங் கொண்ட ஊர். அவ்வாலையின் குழு 1979 முதல் 1985 வரை ஏழாண்டு தொடர்ந்து தேசிய வாகை சூடியது. மீன்பாடு மிகுந்த நாளில் வள்ளங்களில் ஏற்றும் வண்ணக் கொடிகளை ஊரவர் அரங்கில் வீசி ஆர்ப்பரித்தனர். 1989இல் ஊதுலை அணைந்தது. 2001இற் கம்பனி குழுவைக் கைவிட்டது. ஊரவரோ அதனைக் கைவிடாது, 'கடலலைகள்' எனப் பொருள்படும் சீவேவ்ஸ் என்னும் பெயரில் ஊர்க்கழகமாக்கினர்.

2011 மார்ச் 11ஆம் நாள் ஆழிப்பேரலை அவ்வூரைத் தாக்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமற்போயும் ஒழிந்தனர். ஸ்கொட் ஃபாடி என்னும் அவுஸ்திரேலிய வீரர், நாடு திரும்ப வாய்ப்பளிக்கப்பட்டும் போகாது, குழுவினருடன் நின்று நிவாரணப் பொருள்களைச் சுமந்தார். ஊருக்கு ஆடியவர்கள் ஊருக்காக உழைத்தனர். அலை அழித்த இரண்டு பள்ளிக்கூடங்கள் இருந்த நிலத்திற் பின்னர் அரங்கு ஒன்று கட்டப்பட்டது. அப்பள்ளிகளில் அன்றிருந்த மாணவர் மேட்டுநிலத்துக்கு ஓடி உயிர்தப்பியவர். 2019 செத்தெம்பர் 25ஆம் நாள், உலகக் கிண்ணப் போட்டியில் உருகுவே நாடு பிஜியை 30-27 என வென்றது அவ்வரங்கிலேயே. வந்திருந்தோர் 14,025 பேர்.

அவ்வுலகக் கிண்ணத்தில் யப்பான் அயர்லாந்தையும் ஸ்கொத்லாந்தையும் வென்று, முதன்முறையாகக் காலிறுதியை எய்தியது. புதிய இரசிகர் பெருகினர். அவர்களை நிலைநிறுத்தும் பொருட்டு 2022 சனவரியில் 24 குழுக்களுடன் றக்பி லீக் ஒன்று புதிதாய் அமைக்கப்பட்டது. அதிற் கம்பனியின் பெயர் நீக்கப்படவில்லை. எனினும், குழுவின் பெயரில் ஊரின் அல்லது பிரதேசத்தின் பெயரும் இடம்பெறல்வேண்டும் என விதிக்கப்பட்டது. கமாயிஷியும் அதில் இடம்பெற்றது.

இவற்றால் நாம் அறியக்கிடப்பது யாது? பணமும் புகழ்மிக்க வீரரும் வேண்டாதன அல்ல. ஸீக்கோ இன்றிக் காஷிமா எழுந்திராது. கம்பனியின் பொருளின்றி அரங்கும் ஊதியமும் இல்லை. ஆனால், அவை கூட்டத்தை அழைத்துவருமேயன்றி இருத்திவைக்கமாட்டா. இருத்திவைப்பது உரிமையுணர்வு. சிறுவனுக்குப் பந்து கொடுத்து, ஊரவருக்கு அவையில் இடங்கொடுத்து, துன்பம் வந்துழித் துணைநிற்கும் குழுவே ஊருக்குத் தற்கிழமையாகின்றது. அத்தகைய குழுக்கள் பெருகுதலே லீக்கின் விரிவு. குழுக்களின் எண்ணிக்கை மட்டும் பெருகுதல் விரிவன்று.

மாணவர்காள், இதனை உணர்தற்கு நீவிர் தொலைநாடு செல்லவேண்டுவதில்லை. வயது முதிர்ந்த பழைய மாணவர் ஒருவர், தாம் படித்த வகுப்பறை இடிந்து புதிது எழுந்த பின்னரும், 'எமது கல்லூரி' என்று சொல்லும்பொழுது அச்சொல்லிலுள்ள ஆறாம் வேற்றுமை எவ்வகைக் கிழமை என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். பெருந்தொழிலாய் வளர்ந்த விளையாட்டும் தேடியலைவது அவ்வொரு சொல்லையே.