ஊரிலிருந்து ஒரு சமையல்காரர்: எந்த பாஸ், எத்தனை வெள்ளி?

சிங்கப்பூரில் உணவகம் நடத்தும் ஒருவர் இந்தியாவிலிருந்து சமையல்காரரை வரவழைக்க நினைத்தால், முதலில் விசாரிப்பது விண்ணப்பக் கட்டணத்தைத்தான். வொர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க 35 வெள்ளி, கிடைத்தபின் அட்டைக்கு இன்னொரு 35. எஸ் பாஸுக்கு 105, பிறகு 100. எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 105, பிறகு 225. ஒரே ஒரு முறை கட்டும் காசு இது. இதை வைத்து எது மலிவு என்று முடிவுகட்டினால் கணக்கு தொடக்கத்திலேயே பிசகிவிடும். வெளிநாட்டு ஊழியருக்காக அரசுக்கு மாதாமாதம் போகிற லெவி, பாஸுக்கு அரசு வைத்திருக்கும் குறைந்தபட்சச் சம்பளம், அந்த ஆளை வைத்துக்கொள்ள உங்களுக்குக் கோட்டா இருக்கிறதா என்பது, இந்த மூன்றும்தான் செலவைத் தீர்மானிக்கின்றன. அதிலும் கோட்டாவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கதவே திறக்காத இடத்தில் கட்டணத்தை ஒப்பிட்டு என்ன பயன்?

மனிதவள அமைச்சு உங்கள் உள்ளூர் ஊழியர்களை எண்ணும் விதம் இது: 2024 ஜூலை முதல், மாதம் 1,600 வெள்ளியும் அதற்கு மேலும் வாங்கும் சிங்கப்பூரரோ நிரந்தரவாசியோ ஒரு ஆள். 800 முதல் 1,600க்குள் வாங்குபவர் அரை ஆள். அதற்கும் கீழே என்றால் எண்ணிக்கையில் சேரமாட்டார். சேவைத்துறையில் மொத்த ஊழியரில் 35 விழுக்காடு வரை வெளிநாட்டவர் இருக்கலாம். அதற்குள் எஸ் பாஸ் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அதாவது ஒரே ஒரு எஸ் பாஸ் ஆளுக்கு, முழு ஆளாக எண்ணப்படும் ஒன்பது உள்ளூர்க்காரர்கள் வேண்டும்.

இந்தியச் சமையல்காரருக்கு வொர்க் பெர்மிட் கிடைப்பது புதிய வசதி. சேவைத்துறைக்கு வொர்க் பெர்மிட்டில் மலேசியர், சீனர், ஹாங்காங், மக்காவ், தென்கொரியா, தைவான்காரர்களைத்தான் எடுக்கலாம் என்பது பல்லாண்டு விதி. 2023 செப்டம்பர் 1 முதல் இந்திய உணவகங்களின் சமையல்காரருக்கு விலக்கு வந்தது. 2025 செப்டம்பரில் அது மற்ற உணவகங்களுக்கும் விரிந்தது. இரண்டு நிபந்தனைகள் உண்டு: நிலையான மாதச் சம்பளம் 2,000 வெள்ளிக்குக் குறையக்கூடாது, இந்த விலக்கில் வருபவர்கள் உங்கள் மொத்த ஊழியரில் 8 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். எட்டு விழுக்காடு என்றால் மொத்தம் 13 பேர் இருக்கும் கடையில்தான் ஒருவர். அந்த 13இல் மற்ற வெளிநாட்டு ஊழியர்களும் சேர்த்தி என்பதால், ஒன்பது உள்ளூர்க்காரர்களும் மூன்று மலேசியர்களும் இருக்கும் கடைக்கும் இது எட்டும்.

ஐந்து உள்ளூர்க்காரர்களோடு நடக்கும் சின்னக் கடைக்கு இந்த இரண்டு வழியுமே இல்லை. இதை முதல் நாளே சொல்லிவிடுவதுதான் நேர்மை. "எப்படியாவது போட்டுத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்துவிடுங்கள். கடையில் வேலை செய்யாத உறவினர் பெயரில் சேமநிதி கட்டி ஆள் கணக்கைக் கூட்டிக் காட்டுவது குற்றம். இத்தகைய சின்னக் கடை மலேசியத் தமிழர் ஒருவரை வொர்க் பெர்மிட்டில் எடுப்பதுதான் பொருத்தம். 35 விழுக்காட்டுக் கணக்கில் இரண்டு பேர் வரை இடம் உண்டு. லெவி எல்லாருக்கும் போலத்தான். ஆனால் மலேசியருக்குப் பிணைத்தொகை கிடையாது, ஜொகூர் பாருவில் குடியிருந்து வேலைக்கு வந்துபோனால் தங்குமிடச் செலவும் உங்கள் தலையில் விழாது.

கோட்டா இருக்கும் கடைக்கு வருவோம். சேவைத்துறையில் வொர்க் பெர்மிட் லெவி படிப்படியாக ஏறும். மொத்த ஊழியரில் முதல் 10 விழுக்காட்டுக்குள் அடங்கும் அடிப்படைத் திறன் ஊழியருக்கு மாதம் 450 வெள்ளி. 25 விழுக்காடு வரை 600, அதற்கு மேல் 800. உயர்திறன் என்று பதிவானவருக்கு முறையே 300, 400, 600. எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பர் முதல் ஒரே விகிதம், 650. முதல் படியில் நிற்கும் சமையல்காரருக்கு 2,000 சம்பளமும் 450 லெவியும் சேர்ந்து 2,450. இரண்டு ஆண்டுக்கு 58,800 வெள்ளி. எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 3,300, லெவியோடு 3,950, இரண்டு ஆண்டுக்கு 94,800. வித்தியாசம் 36,000.

உண்மையில் வித்தியாசம் இதைவிடப் பெரியது. 3,300 என்பது இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் இளைஞருக்கான அளவு. வயது ஏற ஏற எஸ் பாஸ் சம்பளமும் ஏறும். 45 வயதில் 4,800 வெள்ளி. பிரியாணி தம் போடுகிறவரோ, பரோட்டாவும் சால்னாவும் கைவந்தவரோ பெரும்பாலும் இருபத்துமூன்று வயதுக்காரராக இருக்கமாட்டார். அனுபவத்துக்காகவே ஒருவரை எடுக்கிறீர்கள். அந்த அனுபவத்துக்கே எஸ் பாஸ் கூடுதல் விலை வைக்கிறது. 45 வயதுக்காரருக்கு லெவியோடு மாதம் 5,450 ஆகும். வொர்க் பெர்மிட்டில் வயதுக்கேற்ற ஏற்றம் கிடையாது. 2025 ஜூலை முதல் 61 வயதுக்கு உட்பட்டவருக்குப் புதிதாக விண்ணப்பிக்கலாம், 63 வரை வேலை செய்யலாம், இத்தனை ஆண்டுதான் என்ற வரம்பும் நீங்கிவிட்டது. பணத்தை மட்டும் பார்த்தால் சமையற்கட்டுக்கு வொர்க் பெர்மிட்தான் என்று தயங்காமல் சொல்வேன். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அவர் சமையல்காரராகவே வேலை செய்ய வேண்டும். கூட்டம் அதிகமான ஞாயிற்றுக்கிழமை மேசை துடைக்கவோ தட்டு எடுத்துப்போகவோ அவரை அனுப்பக்கூடாது.

எஸ் பாஸ் பக்கம் சாய்வதற்கு முன் இன்னொரு கணக்கும் போடுங்கள். உள்ளூர்க்காரருக்கு, 55 வயது வரை, முதலாளி கட்டும் சேமநிதி 17 விழுக்காடு. லெவி கிடையாது, விடுதி கிடையாது, பிணை கிடையாது. எஸ் பாஸுக்கு ஆகும் அதே 3,950 வெள்ளியில் உள்ளூர்க்காரர் ஒருவருக்கு ஏறத்தாழ 3,375 வெள்ளி சம்பளம் தரலாம். 5,450இல் 4,650 வரை தரலாம். அந்தச் சம்பளத்தை விளம்பரத்தில் போட்டுப் பார்க்காமலேயே "உள்ளூரில் ஆள் கிடைப்பதில்லை" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். உள்ளூர்க்காரர் ஒருவர் வந்தால் கோட்டாவும் கூடும்.

வொர்க் பெர்மிட்டின் மலிவு முழுக்க மலிவுமல்ல. மலேசியர் அல்லாத ஒவ்வொருவருக்கும் 5,000 வெள்ளி பிணை வைக்க வேண்டும். பெரும்பாலோர் காப்புறுதி நிறுவனத்திடம் அதைவிடச் சிறிய தொகை கட்டி உத்தரவாதமாக வாங்கிவிடுகிறார்கள். நிபந்தனை மீறினால் 5,000 முழுவதும் போகும். மருத்துவக் காப்புறுதி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு இருக்க வேண்டும். எஸ் பாஸுக்கும் அப்படியே. 15,000 வெள்ளிக்கு மேல் போகும் மருத்துவமனைச் செலவில் கால்பங்கு முதலாளியுடையது. 40,000 வெள்ளி பில் வந்தால் உங்கள் கையிலிருந்து 6,250 போகும். அந்தத் தொகைக்குக் கையிருப்பு இல்லாமல் ஆளெடுக்க வேண்டாம். தங்குமிடம், வந்ததும் மருத்துவப் பரிசோதனை, வேலை முடிந்தால் ஊருக்கு விமானச் சீட்டு, எல்லாம் முதலாளி பொறுப்பு. லெவி, அனுமதி வழங்கப்பட்ட நாளிலிருந்து அது ரத்தாகும் நாள்வரை ஓடிக்கொண்டேயிருக்கும். கடை பூட்டிக்கிடந்தாலும் நிற்காது. ஆனால் ஊழியர் தொடர்ந்து 7 நாளுக்குக் குறையாமல் ஊருக்கு விடுப்பில் போனால் அந்த நாட்களுக்கு விலக்குக் கேட்கலாம். கேட்காமல் விட்டுவிடுபவர்கள் உண்டு, நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு லெவியும் இல்லை, கோட்டாவும் இல்லை. அதைப் பார்த்துச் சிலர் ஆசைப்படுகிறார்கள். 2025 ஜனவரி முதல் அதற்குக் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி, வயதுக்கேற்ப அதுவும் ஏறும். காம்பஸ் என்ற புள்ளிமுறையில் 40 புள்ளியும் வேண்டும். பல கிளைகளைக் கவனிக்கும் தலைமைச் சமையல் நிபுணருக்கோ மேலாளருக்கோ இது பொருந்தும். அடுப்படி ஆளுக்கு இல்லை. தாளில் 5,600 என்று எழுதி, கையில் 2,500 கொடுக்கும் வழக்கம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பொய்த் தகவலுக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை.

கட்டுமானத்துறையில் கணக்கே வேறு. இந்திய ஊழியருக்கு அங்கே வொர்க் பெர்மிட் எப்போதும் உண்டு. 2024 ஜனவரி முதல் அடிப்படைத் திறன் ஊழியருக்கு லெவி 900, உயர்திறன் ஊழியருக்கு 500. ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பித் திறன் உயர்த்தினால் மாதம் 400, ஆண்டுக்கு 4,800 வெள்ளி மிச்சம். புதிய ஆளை அடிமாட்டுச் சம்பளத்தில் கொண்டுவருவதைவிட, நான்கைந்து ஆண்டு இருந்த ஆளுக்குச் சம்பளம் கூட்டி வைத்துக்கொள்வது இங்கே தெளிவாகவே லாபம்.

எந்த பாஸை எடுத்தாலும் ஒரு செலவை மட்டும் பட்டியலில் எழுதாமல் விடுகிறார்கள்: அந்த ஊழியர் ஊரில் கட்டிவிட்டு வரும் பணம். லெவியையோ, பாஸ் கட்டணத்தையோ, பிணையையோ அவர் சம்பளத்தில் பிடிக்க முடியாது. வேலை கொடுத்ததற்காக அவரிடம் பணம் வாங்கினால் 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சிங்கப்பூர் ஏஜென்ட் ஊழியரிடம் வாங்கக்கூடியது ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை ஆண்டானாலும் இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது. ஆனால் ஊரில் இருக்கும் இடைத்தரகரை இந்தச் சட்டம் தொடாது. நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி அங்கே கட்டிவிட்டுத்தான் பலர் விமானம் ஏறுகிறார்கள். 2,000 வெள்ளி வாங்குபவரின் முதல் ஆண்டுச் சம்பளத்தில் பெரும்பகுதி அந்தக் கடனுக்கே போனால், இருநூறு வெள்ளி கூடுதலாகத் தருபவரிடம் அவர் போய்விடுவார். அதில் அவர்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் பிணை, மறுபடியும் பழக்கவேண்டிய கை.

ஆகவே ஊரில் உள்ள ஏஜென்ட்டுக்குப் போகவேண்டிய நியாயமான தொகையையும் விமானச் சீட்டையும் நீங்களே கட்டி, ரசீதை உங்கள் பெயரில் வாங்கிவிடுங்கள். இரண்டு ஆண்டில் 58,800 செலவழிக்கத் துணிந்தவருக்கு அது தாங்க முடியாத தொகை அல்ல. அவர் புறப்படுமுன் ஒருமுறை நேரடியாகத் தொலைபேசியில் அழைத்து, யாருக்காவது பணம் கொடுத்தீர்களா, எவ்வளவு என்று கேளுங்கள். மனிதவள அமைச்சின் கோட்பாட்டு ஒப்புதல் கடிதத்தில் இருக்கும் சம்பளமும் பிடித்தமும் ஏஜென்ட் அவரிடம் சொன்ன தொகையோடு ஒத்துப்போகிறதா என்று அந்த அழைப்பிலேயே வரிவரியாகப் படித்துச் சரிபாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் சீட்டுப் போடுவதை நிறுத்திவிட்டு, முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள்.