சிறு படகும் சிறு கணிப்பொறியும்

மழை பெய்து ஓய்ந்தவுடன் தெருவில் ஓடும் நீரில் காகிதக் கப்பல் விட்டு மகிழாத சிறுவர் நம் நாட்டில் இலர். திருவிழாக் கடைகளில் விற்கும் தகரப் படகினையும் நம்மிற் பலர் அறிவர். அதனுள் எண்ணெய்த் திரியை ஏற்றிவைத்தால், நீராவி சிறு குழாய்களின் வழியே நீரை உந்தித் தள்ள, அது ‘படபட’வென்னும் ஒலியோடு தொட்டியைச் சுற்றிவரும். 1891ஆம் ஆண்டில் தாமஸ் பியோ என்பார் இத்தகைய படகிற்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றனர். காகிதக் கப்பல் நீர் போன வழியே போகும். தகரப் படகு தன் முகம் திரும்பிய வழியே போகும். செல்லவேண்டிய திசையை நோக்கித் தன் போக்கைத் தானே திருத்திக்கொள்ளும் ஆற்றல் இவ்விரண்டிற்கும் இல்லை. அவ்வாற்றலை இக்காலத்தில் சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு சிறு கணிப்பொறி தருகின்றது. அஃது எங்ஙனம் என்பதையும், அதனால் வாணியம்பாடியைச் சூழ்ந்து வாழும் நமக்கு விளையக்கூடிய பயன் யாது என்பதையும் ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

கருவியின் வரலாறு

தொலைவிலிருந்து படகைச் செலுத்தும் முயற்சி புதியதன்று. 1898ஆம் ஆண்டில் நிகோலா டெஸ்லா என்னும் மின்னியல் அறிஞர், நியூயார்க் நகரத்து மாடிசன் சதுக்கத் தோட்டத்தில் ஒரு தொட்டியில் இரும்புப் படகொன்றை மிதக்கவிட்டு, கம்பியின்றி அதனை இயக்கிக் காட்டினர். கண்டோர் வியந்தனர். ஆயினும், அப்படகு கரையிலிருந்தவர் இட்ட ஆணையை நிறைவேற்றியதேயன்றி, தானே ஒன்றையும் நோக்கி அறிந்ததன்று.

நோக்கி அறியும் மூளை மலிவாகக் கிடைத்தது நம் காலத்தில்தான். 2005ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு இவ்ரேயா நகரில், பொறியியல் பயிலாத மாணவரும் எளிதிற் கையாளுமாறு ‘ஆர்டுயினோ’ என்னும் கணிப்பலகை ஆக்கப்பட்டது. 2012 பிப்ரவரி 29இல் இங்கிலாந்தில் ‘ராஸ்பெர்ரி பை’ 35 டாலர் விலைக்கு வெளிவந்தது. 2021 சனவரியில் அதன் தம்பியாகிய ‘பிக்கோ’ 4 டாலர் விலைக்கு வந்தது. பிக்கோவின் நீளம் 51 மில்லிமீட்டர். அகலம் 21 மில்லிமீட்டர். அது நொடிக்குப் பதின்மூன்று கோடிக்கு மேற்பட்ட முறை துடிக்கும் இயல்பினது. நம் படகிற்கு இத்துணை விரைவு வேண்டுவதின்று. ஆர்டுயினோவின் ‘ஊனோ’ என்னும் பலகை ஒரு கோடியே அறுபது இலட்சம் முறைதான் துடிக்கும், அதுவே போதும்.

படகின் உறுப்புக்கள்

படகின் உடலை மெல்லிய மரப்பலகையாலோ, தெர்மோகோலின்மேல் பசைத்துணி ஒட்டியோ செய்துகொள்ளலாம். 60 சென்டிமீட்டர் நீளம் தொடக்கத்திற்கு ஏற்றது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்கும் என்ற ஆர்க்கிமிடீசின் விதியை இங்கே கண்ணாற் காணலாம். உள்ளே வைக்கும் பொருள்கள் அனைத்தையும் முதலில் நிறுத்துக்கொள்க. அவை உடலோடு சேர்ந்து 2 கிலோகிராம் ஆயின், நீரில் அமிழும் பகுதியின் கன அளவு 2 லிட்டராக இருத்தல் வேண்டும். கனமான பாட்டரியை அடித்தளத்தின் நடுவே கிடத்துக. மேலே வைத்தால் படகு கவிழும்.

பின்புறத்தில் விசிறியைச் சுழற்ற ஒரு மோட்டாரும், சுக்கானைத் திருப்ப ஒரு செர்வோ மோட்டாரும் வேண்டும். செர்வோவிற்குக் கணிப்பொறி ஆணையிடும் முறை அழகியது. ஒரு நொடியில் 50 முறை, அஃதாவது 20 மில்லிநொடிக்கு ஒருமுறை, சிறு மின்துடிப்பு ஒன்று செல்லும். அத்துடிப்பு 1.5 மில்லிநொடி நீடித்தால் சுக்கான் நேராக நிற்கும்; 1 மில்லிநொடியாகக் குறைந்தால் ஒருபுறமும், 2 மில்லிநொடியாக வளர்ந்தால் மறுபுறமும் திரும்பும்.

கணிப்பலகையின் முனையில் மோட்டாரை நேரே இணைத்தல் கூடாது. அம்முனை ஓர் ஆம்பியரில் சில நூற்றிலொரு பங்கு மின்னோட்டத்தையே தாங்கும். மோட்டாரோ ஆம்பியர் கணக்கில் உண்ணும். ஆகலின் இரண்டிற்கும் இடையே மோட்டாரை ஓட்டும் தனிப்பலகை ஒன்று அமைத்தல் இன்றியமையாதது.

மீகாமன் தொழில்

இனி இப்பாடத்தின் உயிர்நிலைக்கு வருவோம். கப்பலின் சுக்கானைப் பற்றி நிற்பவனை நம் முன்னோர் மீகாமன் என்றனர். அவன் செய்வது யாது? திசைகாட்டியை நோக்குகின்றான், செல்லவேண்டிய திசையோடு அதனை ஒப்பிடுகின்றான், வேறுபாட்டிற்குத் தக்கவாறு சுக்கானைத் திருப்புகின்றான், மீண்டும் நோக்குகின்றான். நோக்கல், ஒப்பிடல், திருத்தல் என்னும் இம்மூன்றும் ஓயாது சுழலும் சக்கரமே அவன் தொழில்.

1922ஆம் ஆண்டில் மினோர்ஸ்கி என்னும் கணிதவல்லார், மீகாமர் கைகளின் போக்கைக் கூர்ந்து நோக்கி, கப்பலைத் தானே செலுத்தும் முறைக்கு ஒரு கணக்கு வகுத்தனர். கைதேர்ந்த மீகாமன் திசையின் பிழையை மட்டும் பார்ப்பதில்லை. கப்பல் எவ்வளவு விரைவாகத் திரும்பிக்கொண்டிருக்கின்றது என்பதையும் உடன் பார்க்கின்றான் என்பதே அவர் கண்ட உண்மை.

இதனை எண்களால் விளக்குவாம். படகு நேர்கிழக்கே, அஃதாவது 90 பாகையில் செல்லவேண்டும். திசைகாட்டி 70 காட்டுகின்றது. பிழை 20 பாகை. பிழையை ஒன்றரையாற் பெருக்கிச் சுக்கானைத் திருப்புக என்பது விதியாயின், சுக்கான் 30 பாகை திரும்பும். படகும் திரும்பத் தொடங்கும். ஆனால் நீரில் அதற்குத் தடை குறைவு. 90ஐ அடைந்தபின்னும் நில்லாது 110 வரை ஓடிவிடும். பின் மறுபுறம் திருத்தினால் மீண்டும் மிகும். இவ்வாறு பாம்புபோல் நெளிந்து செல்லும்.

இப்போது விதியில் மற்றொன்றைச் சேர்க்க: நொடிக்கு எத்தனை பாகை திரும்புகின்றதோ அதனைக் கழிக்க. படகு நொடிக்கு 10 பாகை வீதம் கிழக்கு நோக்கித் திரும்புகையில், பிழை 4 பாகையாகக் குறைந்துள்ளது எனக் கொள்வோம். நான்கை ஒன்றரையாற் பெருக்க 6. அதிற் பத்தைக் கழிக்க, குறை 4. அஃதாவது, இலக்கை அடையுமுன்னரே சுக்கான் சற்று எதிர்ப்புறம் திரும்பிப் படகைத் தாங்கிப் பிடிக்கின்றது. பழுத்த மீகாமன் செய்வதும் இதுவே. நான்கு டாலர் பலகை அவனுடைய பட்டறிவைக் கழித்தல் ஒன்றினால் கற்றுக்கொண்டது.

யாம் பட்ட இடையூறுகள்

ஏட்டில் எளிதாகத் தோன்றுவது நீரில் எளிதன்று. யாமும் மாணவர் சிலரும் மழைக்குப்பின் நிறைந்த ஊர்ப்புறக் குட்டை ஒன்றில் இப்படகை விட்டோம். மூன்று பிழைகள் எம்மைச் சோதித்தன. பின்வருவோர்க்கு உதவும் எனக் கருதி அவற்றை வெளியிடுகின்றோம்.

முதலாவது, மோட்டார் புறப்பட்டவுடன் கணிப்பொறி மயங்கி, மீண்டும் முதலிலிருந்து தொடங்கிற்று. மோட்டார் புறப்படும் கணத்தில் மின்னோட்டத்தை மிகுதியாக இழுக்க, பாட்டரியின் அழுத்தம் தாழ்ந்ததே காரணம். மோட்டாருக்கு ஒன்றும் கணிப்பொறிக்கு ஒன்றுமாக இரு பாட்டரிகள் வைத்து, அவற்றின் எதிர்முனைகளை மட்டும் ஒன்றாக இணைத்தபின் அத்துன்பம் நீங்கிற்று.

இரண்டாவது, கரையில் ஒழுங்காக இருந்த திசைகாட்டி, மோட்டார் ஓடுகையில் பொய் சொல்லிற்று. மோட்டாரினுள் காந்தம் உண்டு. மின்கம்பிகளும் காந்தப்புலம் உண்டாக்கும். இத்துன்பம் எமக்கு மட்டும் நேர்ந்ததன்று. இரும்புக் கப்பல்கள் தோன்றிய காலத்தில் மீகாமர் அனைவரும் இதனாற் கலங்கினர். 1838ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஏரி என்னும் வானநூலறிஞர் ‘ரெயின்போ’ என்னும் இரும்புக் கப்பலில் ஆராய்ந்து இதற்குப் பரிகாரம் கண்டனர். யாம் கண்ட பரிகாரம் எளியது: ஒரு முழ உயரமுள்ள மூங்கிற் குச்சியைப் பாய்மரமாக நட்டு, அதன் உச்சியில் திசைகாட்டியை வைத்தோம்.

மூன்றாவது பிழை நகைப்பிற்கு இடமாயது. படகு 350 பாகையில் செல்லவேண்டும் என ஆணையிட்டிருந்தோம். அது 10 பாகையில் நின்றது. இரண்டிற்கும் இடையே 20 பாகைதான். ஆனால் எம் கணிப்பொறி 350இலிருந்து 10ஐக் கழித்து 340 எனக் கொண்டு, எதிர்ப்புறமாக முழுவட்டம் அடித்தது. கரையில் நின்ற சிறுவர் கைகொட்டினர். விடை 180க்கு மேற்படின் 360ஐக் கழிக்க, குறை 180க்குக் கீழ்ப்படின் 360ஐக் கூட்டுக என்ற இரண்டு வரிகளைச் சேர்த்தபின் படகு நேர்வழி சென்றது. கணிப்பொறி நாம் கருதியதைச் செய்யாது; நாம் சொல்லியதைச் செய்யும். இதனை நூலிற் படித்தபோது ஏற்படாத தெளிவு அக்குட்டைக் கரையில் ஏற்பட்டது.

மற்றொரு காவலும் மறக்கற்பாலதன்று. வானொலித் தொடர்பு இரண்டு நொடி அறுந்தால் மோட்டார் தானே நிற்குமாறு ஆணை எழுதிவைக்க வேண்டும். வானொலி அலையை நீர் விழுங்கிவிடுமாகலின், அலைவாங்கி நீர்மட்டத்திற்கு மேலே நிற்பது நன்று.

நீரை அறிதல்

இவ்வளவும் விளையாட்டுத்தானே என்று வினவுவார் இருக்கலாம். அவர் நம் ஊரின் நீரை ஒருகணம் எண்ணுவாராக.

பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணலே உண்டு. நீர் அதன் கீழே உளது. 1903 நவம்பரிலும் 2021 நவம்பரிலும் வந்தாற்போன்று வெள்ளம் வருங்காலத்தன்றி அதனை ஆறாகக் காண்டல் அரிது. இந்நிலத்தடி நீரை நம்பியே கிணறுகளும் தென்னந்தோப்புக்களும் உள்ளன. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முதலிய ஊர்களில் தோல் பதனிடுதல் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறிடும் தொழில். பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிட்டுக் கொணர்வர். தோல்ஷாப்பில் அதனை ஊறவைக்குங்கால் அவ்வுப்பு நீரிற் கலக்கும். ஆவாரம் பட்டையாற் பதனிட்ட காலத்திற்குப் பின் குரோமிய முறையும் பரவிற்று. 1996 ஆகஸ்டு 28இல் உச்சநீதிமன்றம், வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியோரே அதற்கு ஈடு செய்தல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதுமோ ஒருபகுதியோ பயிருக்கு உதவாததாயிற்று என்ற ஆய்வுரை அத்தீர்ப்பில் எடுத்துக் கூறப்பட்டுள்ளது. 2025 சனவரி 30இல் அம்மன்றம் மீண்டும் இதுபற்றித் தீர்ப்புரைத்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்தும் கவலை தீர்ந்தபாடில்லை.

‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்பது பழமொழி. நாம் கால் வைக்கத் தகாத நீரிலும் நம் சிறுபடகு செல்லும். அதன் அடியில் இரண்டு கரித்தண்டுகளைப் பொருத்துக. நீரில் உப்பு மிகுந்தால் அவற்றினிடையே மின்சாரம் எளிதிற் பாயும். குறைந்தால் அரிதிற் பாயும். ஒரே திசையில் மின்சாரம் விட்டால் தண்டுகளில் குமிழும் படிவும் சேர்ந்து அளவு பிழைபடும். ஆகலின் கணிப்பொறி திசையை மாற்றி மாற்றி விடுதல் வேண்டும். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் ஒரு கிராம் கறியுப்பைக் கரைத்து, அதனை அளவுகோலாகக் கொள்ளலாம். வெப்பம் ஒரு பாகை ஏறினால் மின்கடத்தல் நூற்றுக்கு இரண்டு வீதம் ஏறுமாதலின், வெப்பமானியும் உடன் இருத்தல் வேண்டும். குடிநீரில் கரைந்த பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமிற்கு மேற்படாதிருத்தல் நன்று என்றும், வேறு நீர் கிடையாவிடத்து 2,000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தரநிர்ணயம் கூறுகின்றது.

படகு ஏரியின் குறுக்கே நேர்க்கோட்டிற் சென்று, நொடிதோறும் உப்பின் அளவையும் வெப்பத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு மீளும். நேர்க்கோட்டிற் சென்றாலன்றி எவ்வளவு எவ்விடத்ததென அறியமுடியாது. மேலே கூறிய மீகாமன் கணக்கு இங்கேதான் பயன்படுகின்றது. ஓரிடத்தில் முகந்த ஒரு குவளை நீர் அவ்விடத்தை மட்டும் சொல்லும். படகு வரைந்த கோடு, உப்பு எக்கரையிலிருந்து வருகின்றது என்பதைச் சொல்லும்.

ஆயினும் இக்கருவியின் எல்லையை மறத்தல் தகாது. அது நீரில் உப்பு உண்டு என்று அறிவிக்கும். எந்த உப்பு என்று அறிவியாது. குரோமியத்தை அஃது உணராது. நிலத்தின் இயல்பான உவரையும் தோல்ஷாப்பின் உப்பையும் பிரித்தறியாது. எனவே ஒரு படகின் அளவைக்கொண்டு எவர்மேலும் பழி சுமத்தல் நேர்மையாகாது. எங்கே ஆய்வுச்சாலைக்கு நீர் எடுக்கவேண்டும் என்று காட்டுவதே அதன் பணி.

முடிவுரை

2018ஆம் ஆண்டில் நார்வே நாட்டார் விடுத்த 2 மீட்டர் நீளமுள்ள ஆளில்லாப் பாய்க்கலம் ஒன்று, நியூபவுண்டுலாந்திலிருந்து புறப்பட்டு 80 நாளில் அட்லாண்டிக் கடலைக் கடந்து அயர்லாந்தை அணைந்தது. நம் படகு அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதின்று. ஓர் ஏரியின் இக்கரையிலிருந்து அக்கரை சென்று, உள்ளதை உள்ளவாறு உரைத்து மீளுமாயின் அதுவே போதும்.

மாணவர்காள்! இவ்விடுமுறையில் நால்வர் கூடி இத்தகைய படகொன்று செய்ம்மின். தச்சுவேலை அறிந்தவர் ஒருவர், மின்வேலை அறிந்தவர் ஒருவர், கணக்கறிந்தவர் ஒருவர், வேதியியல் கற்றவர் ஒருவர் சேரின் வேலை இனிது முடியும். பழைய மாணவருள் தோல் தொழிலிலேயே இருப்போர் பலர். அவரையும் கரைக்கு அழைமின். நோக்கல், ஒப்பிடல், திருத்தல் என்னும் மீகாமன் நெறி படகிற்கு மட்டும் உரியதன்று. தொழிலுக்கும் ஊருக்கும் உரியது. அந்நெறியில் நோக்கலே முதற்படி. அதனை இச்சிறுபடகு நமக்குக் கற்பிக்குமாக.