வறுத்த மரக்கறிக் கறி: மாத்தளை அடுப்படிக்குச் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மாத்தளை மாவட்டத்தில் மரக்கறிக்குப் பஞ்சமில்லை. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு நாலா பக்கமிருந்தும் லொறிகள் வந்து இறக்குகின்றன. மிளகும் கராம்பும் சாதிக்காயும் உக்குவளை, இரத்தோட்டைப் பக்கத் தோட்டங்களிலேயே விளைகின்றன. இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, வேலைநாள் இரவில் காய்களைத் தண்ணீரில் வேகவைத்துக் குழைத்துவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. காய்களை முதலில் வறுத்துவிட்டுத் தேங்காய்ப்பாலில் சேர்த்துப் பாருங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும்.

செய்ய வேண்டியவை

நான்கு பேருக்கு அரை கிலோ பூசணிக்காய், 2 கரட், 1 கத்தரிக்காய், 2 பெரிய வெங்காயம் போதும். பூசணிக்காயைத் தோலோடு பெரிய துண்டுகளாக வெட்டுங்கள்; தோல்தான் துண்டு உடையாமல் பிடித்து வைக்கும். கரட் வேகப் பிந்தும் என்பதால் அதைச் சிறிதாக வெட்டுங்கள்.

கழுவிய காய்களைத் துணியால் ஒற்றி, ஈரம் போக்குங்கள். மேலே நீர் இருக்கும்வரை காயின் சூடு 100 பாகையைத் தாண்டாது. தாண்டாதவரை அது அவியுமே தவிர சிவக்காது.

2 மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் பிரட்டி, 220 பாகை அவணில் 25 நிமிடம் வையுங்கள். கத்தரிக்காயும் வெங்காயமும் பத்து நிமிடம் பிந்திப் போகட்டும். அவண் இல்லாத வீட்டில் இரும்புத் தாச்சியே நல்லது. காய்களைப் பகுதி பகுதியாகப் போட்டு, ஓரம் கருஞ்சிவப்பாகும்வரை கிளறாமல் விடுங்கள்.

கறித்தூளை ஞாயிற்றுக்கிழமையே வறுத்து வையுங்கள். ருசியின் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது. மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், ஒரு கரண்டி அரிசி எல்லாவற்றையும் தனித்தனியே, இளந்தணலில் வறுக்க வேண்டும். சீரகம் சிறியது, மல்லி வாசம் வருமுன் அது கருகிவிடும். கறுவாத் துண்டும் இரண்டு கராம்பும் கடைசியில் சேரட்டும். நன்றாக ஆறிய பிறகு அரைத்துப் போத்தலில் அடையுங்கள். சிங்கள அயலவர்கள் பூசணிக்காய்க்குத் தேங்காய்ப்பூவைக் கருக வறுத்து அரைத்துப் போடும் களுபொல் கறியைச் சாப்பிட்டவர்களுக்கு, வறுத்த வாசம் அந்தக் காயின் இனிப்போடு எப்படிச் சேர்கிறது என்று சொல்லத் தேவையில்லை. நேரம் இருந்தால் அப்படி வறுத்தரைத்த தேங்காய்ப்பூவையும் குழம்பில் ஒரு மேசைக்கரண்டி சேருங்கள்.

காய்கள் வறுபடும்போதே குழம்பைக் கூட்டிவிடலாம். பூண்டு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, றம்பை தாளித்து, கால் தேக்கரண்டி மஞ்சளும் 2 தேக்கரண்டி கறித்தூளும் போட்டு, ஒரு கோப்பை இரண்டாம் பாலில் ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள்.

செய்யக்கூடாதவை

தட்டில் காய்களை நெருக்கி அடுக்காதீர்கள், மூடியும் போடாதீர்கள். இரண்டாலும் ஆவி வெளியேற முடியாமல் காய் அவிந்துபோகும்.

உப்பை முன்கூட்டியே தூவி ஊறவிடாதீர்கள், காய் நீர் விட்டுவிடும். வறுக்கத் தொடங்கும்போது பாதி, குழம்பில் மீதி.

மிளகாய்த்தூளைக் காய்மேல் தூவி வறுக்காதீர்கள். கருகினால் கசப்பும் இருமலும்தான் மிச்சம்.

முதற்பால் விட்ட பிறகு கொதிக்கவிடாதீர்கள். பால் திரிந்து எண்ணெய் பிரியும். வறுத்த காய்களைக் குழம்பில் சேர்த்து, அரைக் கோப்பை முதற்பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்குங்கள். காயைக் குழம்பில் நெடுநேரம் வேகவும் விடாதீர்கள். விட்டால், வறுத்ததே வீண்.

தேசிக்காயை அடுப்பில் இருக்கும்போது பிழியாதீர்கள். மிளகையும் முதலிலேயே போட்டு வேகவைக்காதீர்கள். வாசம் ஆவியோடு போய்விடும். நம் ஊர் மிளகின் காரம் அவ்வளவு நல்லது. இறக்கிய பிறகு உரலில் இடித்துத் தூவுங்கள்.

மிஞ்சினால் மறுநாள் பாணுக்கு ஆகும். தேங்காய்ப்பால் கறியை இரவு முழுக்க வெளியில் வைக்கவேண்டாம். ஆறியதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து, காலையில் இளஞ்சூட்டில் கிளறிச் சூடாக்குங்கள்.