டேர் டே: ஒரு ஜேர்மன் பெயர்ச்சொல்லைக் கற்போம்

பசறை, ஹாலி-எல, தெமோதரை, நமுனுகுல, அப்புத்தளை என்று ஊவாவில் எந்தப் பக்கம் போனாலும் கண்ணில் படுவது தேயிலைதான். நம் மலைகளிலிருந்து இறங்கிக் கப்பலேறும் இந்தத் தேயிலைக்கு ஜேர்மன் மொழியில் உள்ள பெயர் 'டே'. இக்கட்டுரையில் இந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் பொருள், பால், வேற்றுமை, வழக்கு ஆகியவற்றைப் பார்ப்போம். ஒரு பெயர்ச்சொல்லை முழுமையாகக் கற்கும் வழி தெரிந்துவிட்டால் மற்றச் சொற்களுக்கும் அதே வழிதான்.

க.பொ.த. உயர்தரத்தில் கலைப்பிரிவு மொழிப் பாடங்களுள் ஜேர்மனும் ஒன்று. எல்லவில் இறங்கும் சுற்றுலாப் பயணிகளிலும் ஜேர்மானியர் பலர். ஆனாலும், "அதெல்லாம் கொழும்புப் பிள்ளைகளுக்கு" என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். உண்மையில் வீட்டில் தமிழ், மதரஸாவில் அரபு, கடைத்தெருவில் சிங்களம், பாடசாலையில் ஆங்கிலம் என வளரும் நமக்கு ஐந்தாவது மொழிக்கான முதல் ஏற்கனவே கையில் இருக்கிறது. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜேர்மானியர் சீகன்பால்குவுக்கு அந்த முதல்கூட இருக்கவில்லை. சிறு பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் தமிழ் எழுதிப் பழகிய அவர், 1716இல் ஹாலே நகரில் ஒரு தமிழ் இலக்கண நூலையே வெளியிட்டார். அவர் நம் பெயர்ச்சொற்களைக் கற்றார். நாம் அவர் மொழிச் சொல் ஒன்றைக் கற்கலாமே!

1. பொருள்

சீனாவின் தென்கிழக்குக் கரையில் வழங்கிய 'தே' என்ற சொல்லை ஒல்லாந்து வணிகர்கள் கடல்வழியே ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். ஜேர்மன் 'டே', ஆங்கில 'டீ', நம் 'தேயிலை'யில் உள்ள 'தே', சிங்களத் 'தே' ஆகிய எல்லாம் அந்த ஒரே குடும்பம். அரபியின் 'ஷாய்', இந்தியாவின் 'சாய்' என்பன 'சா' என்ற இன்னொரு சீன உச்சரிப்பின் வழி வந்தவை.

'டே' என்பது செடியையும் குறிக்கும், காய்ந்த இலையையும் குறிக்கும், குடிக்கும் பானத்தையும் குறிக்கும். இத்துடன் நின்றுவிடாது. மூலிகை, பூ, பழத்தோல் என எதை வெந்நீரில் ஊறவைத்தாலும் ஜேர்மானியர் அதை 'டே' என்பர். தடிமன் வந்தால் நாம் குடிக்கும் கொத்தமல்லித் தண்ணீரை நாம் ஒருபோதும் தேத்தண்ணி என்று சொல்வதில்லை. ஜேர்மன் மொழியில் அதுவும் ஒரு 'டே'தான். ஆகவே தேயிலைச் செடியின் தேநீரை வேறுபடுத்திச் சொல்ல 'ஷ்வார்ட்ஸர் டே', அதாவது கறுப்புத் தேநீர், என்கிறார்கள். அதை நம் பிளேன்டீ என்று நினைத்துவிடக் கூடாது. கறுப்பு என்பது பதப்படுத்திய இலையின் வகை. அதற்குப் பால் ஊற்றினாலும் பெயர் மாறாது.

2. பால்

தமிழில் பால் பொருளைப் பொறுத்தது. மனிதர் உயர்திணை, மற்றவை அஃறிணை. தேநீர் ஆணா பெண்ணா என்று நாம் கேட்பதே இல்லை. ஜேர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு. அதைக் காட்டுவது பெயருக்கு முன்னால் வரும் சிறுசொல். ஆண்பாலுக்கு 'டேர்', பெண்பாலுக்கு 'டீ', பொதுப்பாலுக்கு 'டஸ்'. தேநீர் ஆண்பால், எனவே 'டேர் டே'. (முதல் டகரத்தை 'டாக்டர்' போலவும் இரண்டாவதை 'டீச்சர்' போலவும் ஒலிக்க வேண்டும்.)

இதை மனதில் நிறுத்த நம் பேச்சிலேயே ஒரு வழி இருக்கிறது. ஆண் பிள்ளைகளை 'டேய்' என்கிறோம், தோழியை 'என்னடீ' என்கிறோம். ஜேர்மனிலும் 'டே' ஆண்பால், 'டீ' பெண்பாலின் சிறுசொல். கடையில் நாம் கேட்கும் 'டீ'யை அங்கே கேட்டால் பெண்பால் சிறுசொல் மட்டும்தான் கிடைக்கும், தேநீர் வராது!

பொருளுக்கும் பாலுக்கும் தொடர்பில்லாத இந்த முறை, அரபு கற்ற நமக்குப் புதிதல்ல. 'ஷம்ஸ்' என்ற சூரியன் அரபியில் பெண்பால், 'கமர்' என்ற சந்திரன் ஆண்பால். சூரத்துஷ் ஷம்ஸில் சூரியனைச் சுட்டி வரும் 'ஹா' பெண்பால் விகுதிதான். ஜேர்மனிலும் அப்படியே: சூரியன் 'டீ ஸொன்னெ', சந்திரன் 'டேர் மோன்ட்'.

இன்னொரு வேடிக்கை, சிறுமியைக் குறிக்கும் 'மெட்ஷென்' என்ற சொல் பெண்பால் அல்ல, பொதுப்பால்: 'டஸ் மெட்ஷென்'. சிறியது என்று காட்டும் 'ஷென்' விகுதி ஏறிய எல்லாச் சொல்லும் பொதுப்பாலாகிவிடும். கோபப்பட வேண்டாம் தோழியரே, நாமும் 'குழந்தை அழுகிறது' என்று அஃறிணையில்தானே சொல்கிறோம்!

3. வேற்றுமை

தமிழில் வேற்றுமை உருபு சொல்லின் பின்னால் ஒட்டும். ஜேர்மனில் பெரும்பாலும் முன்னால் நிற்கும் சிறுசொல் மாறும்.

டேர் டே – தேநீர் (எழுவாய்)
டேன் டே – தேநீரை
டேம் டே – தேநீருக்கு. 'மிட்' சேர்ந்தால் தேநீருடன்
டெஸ் டேஸ் – தேநீரின், தேநீருடைய

'இஹ் ட்ரிங்கெ டே' என்றால் 'தேத்தண்ணி குடிக்கிறேன்', பொதுவாக. 'இஹ் ட்ரிங்கெ டேன் டே' என்றால் 'தேத்தண்ணியைக் குடிக்கிறேன்', முன்பே பேசிய அந்தத் தேத்தண்ணியை. ஜேர்மன் 'டேன்' செய்யும் வேலையை நம் 'ஐ' உருபு செய்வதைக் கவனியுங்கள்.

பன்மை 'டீ டேஸ்'. இது பலவகைத் தேயிலைகளைக் குறிக்கும். கடையில் கேட்கும்போது பன்மை தேவையில்லை, 'ட்ஸ்வை டே' போதும். நாமும் 'ரெண்டு தேத்தண்ணி' என்றுதானே கேட்கிறோம்.

4. கூட்டுச்சொல்

தேயிலைத் தோட்டம் என்பது ஒரு தோட்டம், தேயிலைக் கூடை என்பது ஒரு கூடை. தமிழில் கடைசிச் சொல்லே தலைமைச் சொல். ஜேர்மனிலும் கடைசிச் சொல்தான் தலைமை, முழுச்சொல்லின் பாலையும் அதுவே தீர்மானிக்கும்.

டஸ் டேபிளட் – தேயிலை
டீ டேகன்னெ – தேநீர்க் கேத்தல்
டேர் டேபொய்டல் – தேயிலைப் பை
டஸ் டேவஸர் – தேத்தண்ணி போடுவதற்கான தண்ணீர்

கடைசிச் சொல்லில் எச்சரிக்கை தேவை. சொல்லுக்குச் சொல் அது 'தேத்தண்ணி'தான். ஆனால் நம் தேத்தண்ணி போட்டு முடித்த பானம், அவர்களது டேவஸர் அடுப்பில் இருக்கும் வெறும் தண்ணீர். விருந்தாளிக்கு அதைக் கொடுத்துவிடாதீர்கள்.

இந்த வரிசையில் நாம் அவசியம் அறிய வேண்டிய சொல் ஒன்று உண்டு. கொழுந்து பறிப்பவர் 'டேப்ஃப்ளுக்கர்', ஆண்பால். 'இன்' விகுதி சேர்த்தால் 'டீ டேப்ஃப்ளுக்கரின்', கொழுந்து பறிக்கும் பெண். நம் செய்தித்தாள்கள் 'தோட்டத் தொழிலாளர்கள்' என்று எழுதும்போது அது ஆணா பெண்ணா என்று தெரிவதில்லை. ஆனால் விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போய், கூடையைத் தலையில் மாட்டி, மழையிலும் பனியிலும் மலையேறுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக் கணக்கைப் 'பேர்' என்பார்கள். கொழுந்து அளவு குறைந்தால் 'அரைப்பேர்'. தேயிலைப் பெட்டியில் கம்பனியின் பெயரும் மலையின் பெயரும் இருக்கும், முழுப்பேருக்காக உழைத்தவளின் பெயர் இருக்காது. 'இன்' என்ற சிறு விகுதி அவள் பெண் என்பதையாவது சொல்லிவிடுகிறது. எந்த மொழியில் எழுதினாலும் அவளை மறையாமல் எழுதுவது, இம்மலைகளில் படிக்கும் நம் கடமை.

5. வழக்கு

'அப்வார்டன் உன்ட் டே ட்ரிங்கன்' என்பது ஜேர்மன் மரபுத்தொடர். 'காத்திருந்து தேநீர் குடிப்போம்' என்பது சொற்பொருள், 'அவசரப்படாமல் பொறுத்திருந்து பார்ப்போம்' என்பது கருத்து. பரீட்சை முடிவை எதிர்பார்த்திருக்கும் அக்காமாருக்குச் சொல்ல ஏற்றது.

தேநீர் குடிப்பதில் ஜேர்மனியில் பேர்போனவர்கள் வடமேற்குக் கரையின் கிழக்கு ஃப்ரீஸ்லாந்து மக்கள். கோப்பையில் கற்கண்டு போட்டு, கடுஞ்சாயத் தேநீர் ஊற்றி, மேலே பாலாடை விட்டு, கலக்காமலே குடிப்பார்கள். விருந்தாளிக்கு மூன்று கோப்பை என்பது அவர்கள் வழக்கம்.

பயிற்சி

கோப்பை 'டீ டஸ்ஸெ', கடை 'டேர் லாடன்', வீடு 'டஸ் ஹவுஸ்'. இவற்றின் முன் 'டே' சேர்த்துத் தேநீர்க் கோப்பை, தேயிலைக் கடை, தேநீர் இல்லம் என்ற மூன்று சொற்களையும் சிறுசொல்லுடன் எழுதுக.

விடை: டீ டேடஸ்ஸெ, டேர் டேலாடன், டஸ் டேஹவுஸ்.

தோழியரே, இனி ஒரு ஜேர்மன் பெயர்ச்சொல்லைக் கண்டால் அதைத் தனியே கொப்பியில் எழுதாதீர்கள். சிறுசொல், பன்மை, ஒரு வாக்கியம் மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சொல் போதும். நாளைக்கு எந்தச் சொல் என்பதை உங்கள் வீட்டுக் குசினியிலேயே தேடுங்கள்.