பல்கலைக்கழக மாணவரும் காலப் பயன்பாடும்

வள்ளுவப் பெருந்தகை திருக்குறளில் ‘காலமறிதல்’ என ஓர் அதிகாரமும் ‘மடியின்மை’ என ஓர் அதிகாரமும் வகுத்துள்ளார். இவ்விரண்டும் பல்கலைக்கழகம் புகும் நம் பிள்ளைகளுக்கு இன்று பெரிதும் வேண்டப்படுவன.

க.பொ.த. உயர்தரப் பரீட்சை வரை பிள்ளையின் நாளைப் பிறரே வகுத்துக் கொடுக்கின்றனர். விடியற்காலையில் தாயார் எழுப்புகிறார். பாடசாலையில் மணி அடிக்கிறது. மாலையில் ரியூசன் வகுப்பு. பல்கலைக்கழகத்திலோ எழுப்புவாரும் இல்லை, மணியும் இல்லை. வீட்டிலிருந்து திருநெல்வேலிக்குச் சென்று வருபவராயினும், பேராதனை, மொறட்டுவை விடுதிகளில் தங்குபவராயினும், விரிவுரை போக எஞ்சும் நேரம் அவர் கையிலேயே விடப்படுகிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலர் முதல் வருடத்திலேயே தடுமாறுவது பெரும்பாலும் அறிவுக் குறைவினாலன்று. அந்நேரத்தை ஆளப் பழகாமையினாலாகும்.

சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றவர். 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். மற்றவரும் யாழ்ப்பாணத்தவரான கறல் விசுவநாதபிள்ளையே. பின்னர் அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே 1871இல் சட்டப் பட்டம் பெற்றார். உத்தியோகத்தில் இருந்தபோதே 1881இல் வீரசோழியத்தைப் பதிப்பித்தார். அவருக்கும் நாளொன்றுக்கு 24 மணித்தியாலங்களே இருந்தன.

மாணவர் கைக்கொள்ள வேண்டியவை சில:

1. நாளாந்தம் 7 மணித்தியாலமாவது நித்திரை கொள்ளல். படித்தது மனதில் நிலைப்பதற்கு நித்திரை அவசியம் என மருத்துவம் கூறுகிறது. இரவிரவாக விழித்துப் படிப்பவர் பரீட்சை மண்டபத்தில் அதன் பலனை இழக்கிறார்.

2. அன்றைய விரிவுரைக் குறிப்புகளை அன்றே ஒருமுறை வாசித்தல்.

3. படிக்கும் வேளையில் கைத்தொலைபேசியை வேறோர் அறையில் வைத்தல்.

4. காலை உணவைத் தவிர்க்காதிருத்தல். மாலையில் சிறிது நேரம் விளையாடல் அல்லது நடத்தல்.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. கலியாண வீட்டிற்கும் திருவிழாவிற்குமென விரிவுரைகளை விட்டுவிட்டு வரும்படி பிள்ளையை அழைப்பது நன்றன்று. விடுமுறையில் வந்து தொண்டு செய்தாலும் இறைவன் ஏற்றுக்கொள்வான்.

அடியார் கூட்டம் நிறைந்திருப்பினும், ஒருவருமே வராதிருப்பினும், ஆலயத்தில் நித்திய பூசை உரிய வேளையில் நடைபெறுகிறது. அவ்வாறே, எவரும் பாராதபோதும் உரிய வேளையில் புத்தகத்தை எடுக்கும் பிள்ளை நற்பெறுபேறு பெறும். எல்லாம் வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்கு அந்த மனவுறுதியை அருள்வானாக.